ஒப்புதல் துண்டு

இடது கால் எப்படியோ ஷூவுக்குள் போய்விட்டது. வலது கால்தான் நுழைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. அவள் தரையில் மண்டியிட்டு, கணவரின் வீங்கிய குதிகாலைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தாள். பதினொரு ஜோடிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மனிதர் வாங்கிய ஷூ இது. ஒன்றில் தையல் கோணல், இன்னொன்றின் தோலில் மாட்டை எப்போதோ உண்ணி கடித்த தடம். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் இந்தப் பன்னிரண்டாவது தேறியது.

"செத்த பிறகும் இந்த மனுஷனுக்கு ஒண்ணாவது சரிப்பட்டு வருதா பாரு" என்று முணுமுணுத்தாள். நாலு மணிக்கு வண்டி வந்துவிடும்.

அவர் தோல் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் தரப் பரிசோதகர். அங்கே அவருக்குப் பெயர் பூதக்கண்ணாடி. தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, விரலால் தடவி, குறை கண்ட இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. மிச்ச அம்புகள் வீட்டுக்கு வரும். கீறல் விட்ட கோப்பையில் ஒன்று, கோணலாகத் தொங்கும் திரையில் ஒன்று, அவள் தைத்துக் கொடுத்த சட்டைப் பொத்தானில் ஒன்று. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அம்பைப் பார்த்து அவளே புரிந்துகொள்ள வேண்டும்.

சமையலறையில் நாத்தனார் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவள் தன் முதல் சம்பளத்தில் வாங்கிய பழுப்புத் தோல்பை, நாத்தனார் வந்து தங்கியிருந்த வாரத்தில் காணாமல் போனது. வெளியாள் யாரும் வீட்டுக்கு வரவில்லையே என்று எல்லார் முன்னாலும் அவள் கேட்டாள், திருடி என்றும் சொல்லிவிட்டாள். நாத்தனார் அன்று மாலையே பெட்டியைக் கட்டிவிட்டாள். நடுவில் உட்கார்ந்திருந்த மனிதர் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை மடிக்கக்கூட இல்லை. நாத்தனார் மகள் கல்யாணத்துக்கும் அவர் மட்டும்தான் போனார். திரும்பி வந்து, போட்டோ ஆல்பத்தின் தோல் அட்டையில் நரம்பு தெரிகிறது என்று சொன்னதோடு சரி.

இன்று காலை வந்த நாத்தனார் அழுது முடித்ததும் நேரே சமையலறைக்குப் போய்விட்டாள். சர்க்கரை எங்கே என்று பக்கத்து வீட்டம்மாவை விட்டுக் கேட்கச் சொன்னாள், சர்க்கரை டப்பாவுக்கு எதிரிலேயே நின்றுகொண்டு.

மூன்று மணிக்குத் தொழிற்சாலையிலிருந்து பக்கத்து மேசைக்காரர் வந்தார். மாலையை வைத்துவிட்டு, மேசையைக் காலி செய்தபோது கிடைத்தது என்று ஒரு கறுப்புக் காகித உறையை நீட்டினார். வெளிச்சம் பட்டால் நிறம் மாறிவிடும் என்று சார் யாரையும் உறையை விட்டு எடுக்கவே விடமாட்டாராம். பழுப்புச் சாயம் போட்ட தோல் எது வந்தாலும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவாராம்.

உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு பழுப்புத் துண்டு. பின்பக்கம் 'ஒப்புதல்' என்று அவர் கையெழுத்து, இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. முன்பக்க மூலையில் மஞ்சள் நூலில் ஒரு சின்னப் பெருக்கல் குறி. அவள் அலுவலகத்தில் நாலு பேரிடம் அதே பை இருந்ததால், அடையாளத்துக்கு அவளே போட்ட தையல்.

"இது ஏது அவருக்கு?"

வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டு அனுப்பிய மாதிரித் துண்டைச் சார் ஒருமுறை தொலைத்துவிட்டார் என்றார் பக்கத்து மேசைக்காரர். மறுநாள் சரக்குப் பார்க்க ஆள் வருகிறது. அதே நிறத்தில் வீட்டில் ஒன்று இருக்கிறது என்று போய்ப் பையை எடுத்து வந்து, ஒரு துண்டு வெட்டிக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டாராம். "அக்காவுக்கு வேற பை வாங்கித் தந்துட்டு விஷயத்தைச் சொல்றேன்னார். அப்புறம் எத்தனையோ பை பார்த்தார் அக்கா. ஒண்ணும் தேறல."

அவள் படுத்திருந்தவர் பக்கம் திரும்பினாள்.

"தங்கச்சியைத் திருடின்னு நான் சொன்னப்ப பேப்பர்தானே படிச்சிட்டிருந்தீங்க?"

அவர் வழக்கம்போலவே சும்மா இருந்தார். எத்தனை வருஷத்து நியாயத்தை இனி யாரிடம் போய்க் கேட்பது? ஆனால் திருடி என்று சொன்னது அவர் வாய் இல்லையே.

எழுந்து சமையலறைக்குப் போனாள். துண்டை மஞ்சள் தையல் மேலே தெரியும்படி மேடையில் வைத்தாள். நாத்தனார் குழாயை மூடினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தாள். திருப்பி, கையெழுத்தையும் தேதியையும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எங்க இருந்துச்சு?"

"உங்க அண்ணன் மேசையில." பிறகு, "நான் சொன்னது தப்பு" என்றாள்.

நாத்தனார் துண்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், அவரைப் போலவே சாய்த்துப் பிடித்து ஒரு கண்ணைச் சுருக்கினாள்.

"நிறம் அப்படியேதான் இருக்கு அண்ணி."

வெளியே வண்டியின் ஹாரன் கேட்டது. வலது கால் இன்னும் வெறுமனே இருப்பது அவளுக்கு நினைவு வந்தது. கத்தியை எடுத்துக்கொண்டு நடந்தாள். நாத்தனாரும் பின்னாலேயே வந்து, எதிர்ப்பக்கம் மண்டியிட்டு ஷூவைப் பிடித்துக்கொண்டாள். குதிகால் தையலில் கத்தி இறங்கியது.

"இதை அண்ணன் பாஸ் பண்ண மாட்டான்."

"பண்ண வேண்டாம்."

பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. கால் சுலபமாக உள்ளே போயிற்று. பிளவு தெரியாமல் நாத்தனார் பேன்ட்டின் ஓரத்தை இழுத்துவிட்டாள். அது கொஞ்சம் கோணலாக நின்றது. இருவரும் அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.