சாயம் போகாத உள்ளங்கை

அண்ணனிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்த ஆராய்ச்சியில் சேர்த்துவிட்டவளே தங்கைதான். கேரட்டுக்கு நிறம் கொடுக்கிற பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் புகைபிடிப்பவர்களுக்கு நல்லதா என்று பார்க்கிற ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு அசல், மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. அவர்களுடைய ரத்தத்தை ஆய்வுக்கூட இயந்திரத்தில் ஏற்றுவது அவள் வேலை. குப்பிகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்.

இன்று காலை இயந்திரம் தந்த வரைபடங்களை அவள் இரண்டு முறை சரிபார்த்தாள். கரோட்டின் ஏறிக் கிடந்த ரத்தங்களில், கல்லீரல் உடைத்துத் தள்ளுகிற பொருட்களின் அளவெல்லாம் தாறுமாறு. மருந்தையும் புகை நஞ்சையும் உடம்பு கையாளுகிற விதமே மாறிவிட்டதோ?

"நல்லதாவும் இருக்கலாம், கெட்டதாவும் இருக்கலாம். அடுத்த மாசம் குழு கூடுற வரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது" என்றார் தலைமை ஆய்வாளர்.

அடுத்த மாதமாம்! அவருக்கென்ன, அவருடைய அண்ணனா தினம் இரண்டு பாக்கெட் ஊதுகிறான்?

அசல் மாத்திரை என்றால் நாளாக நாளாக உள்ளங்கையில் மஞ்சள் ஏறும். கையைப் பார்த்துவிட்டால் போதும். சாப்பாட்டு இடைவேளையில், அண்ணன் பெயிண்ட் அடிக்கிற கட்டடத்துக்கு ஓடினாள். அவன் கையோ முழங்கை வரை பெயிண்ட். துணியை பெயிண்ட் கரைக்கிற டர்பன்டைனில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஏய், தோலை உரிக்கப் போறியா? என்ன ஆச்சு உனக்கு?"

"சும்மா இருண்ணே."

வெள்ளை போனது. நீலம் போனது. மஞ்சள் மட்டும் போகவே இல்லை.

"மஞ்சள் பெயிண்ட் தொட்டியா?"

"இங்க ஏது மஞ்சள்?" என்று சிரித்தான்.

அவள் துணியைக் கீழே போட்டாள். வேலை போனால் போகட்டும்.

"அந்த மாத்திரைய இன்னிக்கே நிறுத்திடுண்ணே. சிகரெட் பிடிக்கிறவங்க உடம்புல அது என்னமோ பண்ணுது. எனக்கு பயமா இருக்கு."

அண்ணன் சிரிப்பை நிறுத்தினான். சட்டைப் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்தான். கூடவே இன்னொன்று.

"ரெண்டாவது யாரோடது?"

"கொத்தனாரோடது. அவரும் சேர்ந்திருக்காரு, ஆனா போடறதில்ல. என்கிட்ட குடுத்துடுவாரு." அவன் குரல் இறங்கியது. "சிகரெட்ட விடுன்னு நீ அன்னிக்கு அப்படி அழுதியே. எவ்வளவோ பார்த்தேன், விட முடியலம்மா. அதான் இதையாவது ரெண்டா போடுவோம்னு…"

"எத்தனை நாளா?"

"ஆறு மாசமா. ஒரு நாள்கூட தவறவிடல."