பின்மனைக்குப் பன்னிரண்டு அடி

தையல்காரி அந்தத் துண்டுச் சீட்டை இரண்டு முறை படித்தாள். இரண்டு முறை படிக்க அதில் ஒன்றுமில்லை. ‘வரைபடத்தில் வடக்குத் திசை காட்டப்படவில்லை. திருப்பப்படுகிறது.’ அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க மூன்று வாரம்!

“வடக்கு எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியாதா சார்?”

“எனக்குத் தெரியும்மா. படத்துக்குத் தெரியணும்ல,” என்றார் கவுன்ட்டர்காரர்.

அது முதல் தடவை. அப்போது அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. பின்னால் வரப்போகிற கூத்து தெரிந்திருந்தால் சிரித்திருப்பாளா?

விஷயம் இதுதான். அப்பா விட்டுப்போன மனை ஒன்று, நாற்பதடி அகலம், தொண்ணூறு அடி நீளம். முன்பாதியில் அண்ணன் வீடு, வீட்டை ஒட்டித் தெருவோரமாக அவனுடைய சைக்கிள் ரிப்பேர் கடை. பின்பாதி சும்மா கிடந்தது. “பின்னால இருக்கிறதை நீ எடுத்துக்க. உன் பொண்ணுங்களோட எத்தனை நாளைக்கு வாடகை வீட்டுல மல்லுக்கட்டுவே?” என்று அண்ணனே வாய்விட்டுச் சொன்னான். ஆனால் பத்திரத்தில் மனை ஒன்றாகத்தான் இருக்கிறது. அதை இரண்டாகப் பிரிக்கும் வரைபடத்துக்கு ஆபீஸ் அனுமதி கொடுத்தால்தான் அவள் ஒரு செங்கல் வைக்க முடியும். வாடகை வீட்டுக்காரரோ மகனுக்குக் கல்யாணம், வருஷக் கடைசிக்குள் காலி பண்ணு என்று சொல்லிவிட்டார்.

வரைபடம் ஐந்து பிரதி கொடுக்க வேண்டும். ஐந்திலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். குறை கண்டால் ஐந்தின் மேலும் ‘திருப்பப்பட்டது’ என்று முத்திரை குத்திவிடுவார்கள். அப்புறம் புதிதாக ஐந்து, புதிதாகப் பத்துக் கையெழுத்து.

முதல் தடவை அண்ணன் சீட்டியடித்துக்கொண்டே போட்டான். “எங்கே போடணும் தங்கச்சி? இங்கேயா? இந்தா, உன் ராஜ்ஜியத்துக்குக் கையெழுத்து!” இரண்டாம் தடவையும் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டான். “வடக்கைக் காணோமாமா? நல்லாத் தேடச் சொல்லு,” என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

மூன்று வாரம் கழித்து அடுத்த சீட்டு வந்தது. பக்கத்து மனைக்காரர்களின் பெயர் இல்லையாம்.

அன்றைக்குத்தான் அவள் கத்திவிட்டாள். “எல்லாக் குறையையும் ஒரே தடவையில சொல்லித் தொலைச்சா என்ன சார்? நான் என்ன வேலைவெட்டி இல்லாமலா வர்றேன்?”

கவுன்ட்டர்காரர் கோபப்படவில்லை. கெட்ட மனிதராக இருந்தாலாவது திட்டித் தீர்க்கலாம். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, தண்ணீரும் கொடுத்து, நிதானமாக விளக்கினார். “ஒரு குறை கண்ணுல பட்டா அதோட நிறுத்திடணும்மா. அன்னைக்கே திருப்பிட்டா ஃபைல் முடிஞ்ச கணக்கு. மேல படிச்சுக்கிட்டே இருந்தா என் மேஜையில நிலுவைன்னு நிக்கும். சீட்டுலயும் பாருங்க, ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கு.”

“என்னென்ன வேணும்னு எங்கேயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?”

“வெச்சிருக்கே,” என்று சுவரைக் காட்டினார்.

சுவரில் பெரிய பலகை இருந்தது. ஒன்றிலிருந்து ஆறு வரை தெளிவாகத் தெரிந்தது. ஏழிலிருந்து பதினான்கு வரை இரும்பு பீரோவுக்குப் பின்னால்.

“பீரோவை நகர்த்த முடியாதா?”

“பழைய ஃபைல் அத்தனையும் அதுக்குள்ளதாம்மா. நாலு ஆள் வந்தாலும் அசையாது.”

அவள் கன்னத்தைச் சுவரோடு ஒட்டிவைத்து எட்டிப் பார்த்தாள். ‘பின்மனைக்கு வழி’ என்ற இரண்டு சொல் தெரிந்தது. அதற்குமேல் தூசிதான்.

அந்த வழிதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. கடையை ஒட்டி, மனையின் வலது ஓரத்தில் பத்தடி காலியாக இருந்தது. அதில் எட்டடியை வழியாகக் காட்டியிருந்தார்கள். பத்தடி வேண்டும் என்று சீட்டு வந்தது. சரி, இருப்பதை முழுக்கக் காட்டியாயிற்று. அடுத்த சீட்டு, இந்த அளவுள்ள மனைக்குப் பன்னிரண்டு அடி வேண்டும் என்றது. “அப்படித்தான் கேப்பாங்க,” என்றார் படம் வரைகிறவர், ஏதோ மழை வரும் என்று சொல்கிற மாதிரி. தெரிந்தால் முதலிலேயே வரைவதற்கு என்ன கேடு?

மீதி இரண்டடிக்கு எங்கே போவது? அண்ணன் கடைக்குள்தான் போக வேண்டும். எட்டடிக் கடை ஆறடியாகும். காற்றடிக்கும் மெஷின் நிற்கிற சுவரே போய்விடும்.

அண்ணி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். “இன்னும் நாலு தடவை போயிட்டு வா. நாங்க பெட்டி படுக்கையோட தெருவுல நிக்கிறோம்.”

அண்ணனிடம் சீட்டியும் இல்லை, கிண்டலும் இல்லை. அவன் பேனாவை அழுத்திய அழுத்தில் மூன்றாவது பிரதி கிழிந்தே போனது. அதற்குப் பதிலாகப் புதுப் பிரதி ஒன்று எடுத்து வந்து கொடுத்தபோது, “வெச்சுட்டுப் போ, அப்புறமா போடறேன்,” என்றான். முகத்தைப் பார்க்கவில்லை. தங்கச்சி என்று சொல்லவில்லை. அவளுக்கு அண்ணன் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அப்படியும் அவன் போட்டு வைத்ததைக் கொண்டுபோய் ஆபீஸில் கொடுத்தாள். மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“எல்லாம் சரியா இருக்கும்மா,” என்றார் கவுன்ட்டர்காரர். அவளுக்கு உயிர் வந்தது. “ஒண்ணே ஒண்ணுதான். வழி தெருவுல சேருற இடத்துல வண்டி திரும்பணுமே. அந்த மூலையை அஞ்சடிக்கு அஞ்சடி வெட்டிக் காட்டணும்.”

அந்த மூலையில்தான் கடையின் வாசல் இருந்தது. ஆறடிக் கடையில் அஞ்சடி முகப்பு போனால் மிச்சம் ஓரடி. சைக்கிளை எந்த வழியாக உள்ளே தள்ளுவது, கூரை வழியாகவா?

“வேண்டாம் சார்.”

“என்னம்மா?”

“மனையும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். எனக்கு எங்க அண்ணன் போதும். படத்தைத் திருப்பிக் குடுங்க.”

கவுன்ட்டர்காரர் சங்கடத்தோடு ஒரு தாளை எடுத்து நீட்டினார். “அப்போ வாபஸ் மனு குடுத்துடுங்க. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். இதுக்கு ஒரு பிரதி போதும்.”

ஒரு பிரதி! இத்தனை மாதத்தில் அந்த ஆபீஸில் ஒரு பிரதி போதும் என்று அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

நேரே கடைக்குப் போனாள். அண்ணன் ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டுக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தான். தாளைப் பார்த்ததுமே முகம் சுண்டியது.

“மறுபடியுமா?”

“இதுதான் கடைசி. இதுக்கப்புறம் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்.”

இதுவரை ஒரு தாளைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன், இதை மட்டும் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு வரியாகப் படித்தான்.

“வாபஸா? என்ன கேட்டான் அவன்?”

“மூலையை வெட்டணுமாம். அஞ்சடி. உன் வாசலே போயிடும். வேண்டாம் அண்ணே, விட்டுடலாம். வாடகை வீட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன். ஒரு கையெழுத்துப் போட்டுடு.”

“போட மாட்டேன்.”

“அண்ணே...”

“எத்தனை தடவை வந்தே? எத்தனை கையெழுத்து போட்டேன், கணக்கிருக்கா? கோபம் வந்துச்சு. வராதா பின்னே, நான் என்ன மரமா? கோபத்தோடயும் போட்டேன்ல? ஒரு தடவையாவது மாட்டேன்னு சொன்னேனா? இப்போ சொல்றேன். இதுல மட்டும் போட மாட்டேன்.”

உள்ளே அண்ணி ஒரு பாத்திரத்தை ‘ணங்’ என்று வைத்தாள். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி, “கேக்குதுடி! வாசலை வீட்டுப் பக்கமா வெச்சுக்கலாம்,” என்று கத்தினான்.

தையல்காரி அங்கேயே டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். அண்ணன் வாபஸ் மனுவை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த ஸ்டூலின் காலுக்குக் கீழே செருகினான்.

“அழுதது போதும் தங்கச்சி. அந்தப் படம் வரையறவரைப் போய்ப் பாரு. சீக்கிரமா அஞ்சு பிரதி போட்டு எடுத்துட்டு வா.”