கோல்யோ மாமாவின் ஐந்து கெண்டைகள்

நான் எழுதிய நிரலில் பிழை என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அன்று காலை ஷிவ்கா தொலைபேசியில் கத்தியபோதும் அப்படித்தான்.

“ஏண்டி சோர்னிட்சா, ஒன் படிவத்துக்குப் பேய் புடிச்சிருக்கா? கோல்யோ மாமா ஒரு மீன்தான் கேட்டாராம். நான் அஞ்சு சுட்டு வச்சிருக்கேன்!”

ஷிவ்காவின் அடுமனை ரூசே நகரில், எங்கள் தெருமுனையில் இருக்கிறது. டிசம்பர் ஆறு, புனித நிக்கோலாஸ் திருநாளன்று வீட்டுக்கு வீடு கெண்டை மீன் வேண்டும். வெங்காயமும் அக்ரூட்டும் திணித்து, மாவில் பொதிந்து சுட்டது. ஆர்டர் எடுக்க அவளுக்கு ஒரு வலைப்பக்கம் செய்து கொடுத்திருந்தேன். பெயர், எத்தனை பேருக்கு, ‘அனுப்பு’ என்று ஒரு பொத்தான். இதில் என்ன தப்பு வந்துவிடும்?

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கோல்யோ மாமா துணிப்பையோடு நின்றிருந்தார். டிராலி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி டோட்கா வசந்த காலத்தில் இறந்துபோனார். நிக்கோலா, கோல்யோ என்று அந்தப் புனிதரின் பெயர் கொண்டவர்களுக்கெல்லாம் அன்று பெயர்நாள் விருந்து. அதற்கு யாரையும் அழைப்பதில்லை. நினைப்பவர்கள் தாமாக வருவார்கள். வீட்டுக்காரர் மேசை போட்டுக் காத்திருக்க வேண்டும்.

“ஒரே ஆளு அஞ்சு தடவ கேட்டா ஒனக்குச் சந்தேகமே வரலியா?” என்று ஷிவ்காவையே திருப்பிக் கேட்டேன்.

“பேரு கோல்யோ. இன்னிக்கு ஊரே அவரு வீட்லதான் சாப்பிடும்னு நெனச்சேன்.”

இங்கே யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். நிரலைத் திறந்தேன். இரண்டு நிமிடத்தில் முகம் சுட்டது. ஆள் எண்ணிக்கையை மாற்றும் ஒவ்வொரு முறையும், அந்த எண்ணோடு ஆர்டர் அனுப்பும்படி பொத்தானுக்குப் புதிதாக ஒரு கட்டளையைச் சேர்த்திருந்தேன். பழையதை நீக்கவில்லை. வாசலில் புதுக் காவல்காரனை நிறுத்திவிட்டுப் பழையவனை வீட்டுக்கு அனுப்ப மறந்த கதைதான். பொத்தானை அழுத்தியதும் அத்தனை பேரும் ஆளுக்கு ஓர் ஆர்டரோடு ஓடியிருக்கிறார்கள். நான் சோதித்தபோது எண்ணை மாற்றிப் பார்க்கவே இல்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

“மாமா, நீங்க எண்ண மாத்தி மாத்தி வச்சிருக்கீங்க. இதோ, வரிசையா இருக்கு பாருங்க. மொதல்ல பன்னெண்டு, அப்புறம் எட்டு, அப்புறம் நாலு, ரெண்டு...”

கடைசி எண்ணில் என் விரல் நின்றது.

“ஒண்ணு,” என்றார் அவர். “போன வருஷம் பன்னெண்டு பேரு. எல்லாம் டோட்காவோட சிநேகிதங்கதானே. இனிமே எதுக்கு வரப்போறாங்க? ஒண்ணே போதும்னு அனுப்பிட்டேன்.”

சின்ன மீனைப் பையில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு நல்வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரி நான். எனக்கும்கூட அவர் நினைப்பு வரவில்லை.

ஷிவ்கா மீதி நான்கு தட்டுகளையும் பார்த்தாள். “இத யாருக்குடி விக்கிறது?”

“விக்க வேண்டாம். கடைய எப்ப சாத்துவ?”

ஒரு மணிக்கு அவர் வீட்டு மணியை அழுத்தினோம். நான், ஷிவ்கா, அவள் கணவன், மாவு பிசையும் பெண்கள் மூவர், ரொட்டி வாங்க வந்து விஷயம் கேள்விப்பட்டுத் தானும் வருவேன் என்று அடம்பிடித்த தபால்காரர். கையில் நான்கு கெண்டைகள், தபால்காரரிடம் ஒரு புட்டி ரக்கியா சாராயம்.

கதவைத் திறந்த கோல்யோ மாமா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“இத்தன பேரா! ஒரு வார்த்த சொல்லிட்டு வரக் கூடாதா?”

“பெயர்நாளுக்கு யாரு மாமா சொல்லிட்டு வருவா?” என்றாள் ஷிவ்கா.

அவர் எங்களை விலக்கிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைப் படபடவென்று தட்டினார்.

“நாற்காலி வேணும்!”

“எத்தன?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அத எண்ணிக்கிட்டு இருக்க நேரமில்ல. இருக்குறத எல்லாம் எடுத்துக்கிட்டு நீயும் வா!”