சீட் பெல்டில் இரண்டு வெள்ளம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் கிளறிப் பார்க்காமல் விடமாட்டேன்.

புயல் மழையில் தென்பெண்ணை எங்கள் தெருவுக்குள் வந்தபோது, வாசலில் நின்ற கார் சீட் மட்டத்துக்கு மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் மெக்கானிக் இளமாறன் வந்து பார்த்தான். "இதுக்குச் செலவு பண்றது வேஸ்டுக்கா. வித்துடுங்க" என்றான்.

ஆன்லைன் ஏலத்தில் போட்டேன். வெள்ளத்தில் மூழ்கியதை மறைக்காமல் எழுதினேன். ஏலம் ஆறு நாள். அந்தப் பக்கத்தைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பிலும் அனுப்பி வைத்தேன்.

என் கணவர் தீனதயாளன் வெள்ளிமலையில் ஆசிரியர். திருக்கோவிலூரிலிருந்து அந்தக் காரில்தான் தினமும் மலை ஏறி இறங்குவார். ஆறு வருஷத்துக்கு முன் சின்னசேலத்தில் இருக்கும் என் பெரியண்ணன் அரங்கநாதனிடம் வாங்கிய பழைய வண்டி. வாங்கிய மறுமாதமே ஆரன் தானாகக் கத்தியது, வைப்பர் கொளுத்தும் வெயிலில் ஆடியது. "மலை ரோட்ல போட்டு அடிச்சா வண்டி இன்னா பண்ணும் மாப்ள?" என்று அண்ணன் ஒவ்வொரு விசேஷத்திலும் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். "உங்களுக்கு வண்டி வச்சிக்கவே தெரியல" என்று வீட்டிலும் பாட்டுப் பாடுவேன்.  பந்தியில் கார் பேச்சு வந்தால் அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விடுவார்.

ஏலத்தின் மூன்றாம் நாள் முகம் தெரியாத ஒருவர் எழுதிக் கேட்டார்: 'சீட் பெல்டை முழுசா இழுத்துப் படம் போடுங்க.'

காரை விட்டுவிட்டு பெல்ட் எதற்கு இவருக்கு? போய் இழுத்தேன். ஈரத்துணியால் துடைத்ததும் ஆற்று வண்டல் போய்விட்டது. ஆனால் பெல்டின் கடைசியில், யாரும் இழுத்தே இருக்காத இடத்தில், குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. சோப்பு போட்டுத் தேய்த்தும் அது போகவில்லை.

மறுபடி இளமாறனை வரச் சொன்னேன். காலடியில் ஒட்டியிருந்த விரிப்பை உரித்தான். மேலே மஞ்சள் வண்டல். அதற்கும் கீழே, மூலையெல்லாம் கறுப்புச் சேறு கெட்டியாக இறுகிக் கிடந்தது.

"இது நம்ம ஆத்து மண்ணு இல்லக்கா. வண்டி முன்னயே ஒருவாட்டி முழுகியிருக்குது. பெல்ட்ல இருக்கிறது அந்தப் பழைய தண்ணி நின்ன கோடு. ஒயரெல்லாம் அப்பவே அரிச்சிப்போச்சு. சார் மேல தப்பே இல்ல."

அண்ணன் சென்னையில் வேலை பார்த்த வருஷத்தில்தான் அங்கே பெரிய வெள்ளம். 'கார் ஊர்லதான் நின்னுச்சு, ஒரு சொட்டு தண்ணி படல' என்று சத்தியம் பண்ணித்தான் எங்களிடம் விற்றார்.

சாயங்காலம் என் கணவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். காட்டினேன். பெல்டை இழுத்தார், விட்டார், திரும்பவும் இழுத்தார். கத்துவார் என்று நினைத்தேன்.

"அப்ப ஆரன் கத்துனது என்னால இல்ல" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு அவமானமாக இருந்தது. அண்ணன் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம்தான் ஜாஸ்தி.

"படத்த போடப்போறேன். ரெண்டுவாட்டி முழுகுன வண்டின்னு எழுதப்போறேன்."

"குரூப்ல எல்லாரும் பாப்பாங்க மணி. உங்கண்ணனும் பாப்பாரு."

"பாக்கட்டும். ஆறு வருஷமா உங்களப் பாத்து சிரிச்சிக்கினு இருந்தோம் இல்ல?"

போட்டேன். பெல்டைக் கேட்டவர் நன்றி சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். மற்றவர்களும் விலகினார்கள். கடைசி நாள் ஒரே ஒருவர்தான் மிச்சம். போட்டிக்கு ஆளே இல்லை, ஆனாலும் அவர் தன் விலைக்கு மேல் தானே ஏற்றிக்கொண்டு போனார். நான்கு முறை. இப்படி ஒரு கிறுக்கனை நான் பார்த்ததே இல்லை. ஏலப் பக்கத்தில் பெயர் காட்டாது; யாராக இருக்கும் என்று சோறு கூட இறங்கவில்லை.

ஏலம் முடிந்ததும் வாங்கியவரின் நம்பர் வந்தது. போனில் அடித்தேன். பத்தாவது எண்ணை அடித்ததும் திரையில் பெயர் தானாக வந்தது: பெரியண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை இழுவை லாரியோடு வந்தார். வீட்டுக்குள் வரவில்லை, தண்ணீரும் வேண்டாம் என்றார். லாரியில் ஏற்றும்போது ஸ்டியரிங் பிடிக்க ஆள் வேண்டும் என்றார் லாரிக்காரர். அண்ணனே காரில் ஏறி உட்கார்ந்தார்.

என் கணவர் ஜன்னல் பக்கம் குனிந்தார். "பெல்ட்ட போட்டுக்கங்க மச்சான்."

"பத்தடி தூரத்துக்கா மாப்ள?"

என் கணவர் நகரவில்லை. அண்ணன் பெல்டை இழுத்தார். அவர் தொந்திக்கு அது முழுக்க வரவேண்டியிருந்தது. வெள்ளைச் சட்டை மேல் கறுப்புக் கோடு வந்து நின்றது. அண்ணன் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சென்னையிலயே முழுகுன வண்டிதான். நீங்க நல்லாத்தான் ஓட்டுனீங்க மாப்ள."

"அத குரூப்ல எழுதுண்ணா" என்றேன் நான்.

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, பெல்ட் போட்டபடியே போனை எடுத்து, ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். லாரிக்காரர் சங்கிலியைப் பிடித்தபடி காத்திருந்தார்.

என் கணவரின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு முறை படித்தார்.