உரிக்க மறந்த நீலத் தாள்

எல்லோரும் நலம்தானே? மூட்டு, முதுகு, சர்க்கரை, தூக்கம் எல்லாம் சொன்னபடி கேட்கிறதா? தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். கதை சின்னதுதான், ஆனால் தொண்டையில் கொஞ்சம் நிற்கும்.

ஒரு படத்தொகுப்புக் கூடம். ஆறு மேஜை, ஆறு கம்ப்யூட்டர், ஆறுக்கும் ஒரே மெக்கானிக். எல்லோரும் அவனை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுக்கும் அந்தப் பேரில் கொஞ்சம் மிதப்பு உண்டு. மூன்றாவது மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள் அவனுடைய சொந்த அண்ணி. ஒரே வீடுதான், கீழே அண்ணன் குடும்பம், மாடியில் இவன்.

இந்த வருடம் கூடத்துக்கு ஒரு பெரிய வேலை வந்தது. கடலைப் பற்றிய ஆவணப்படம். முதலாளியம்மா அதை அண்ணியிடம் கொடுத்தார். பத்து வருடமாக அடுத்தவர் படங்களுக்கு அடியில் எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு, முதன்முதலாகத் தன் பேர் திரையில் வரப்போகிற வேலை. அவள் எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருப்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக டாக்டர், படங்களைச் சேமித்து வைக்கப் புதிதாக ஒரு எஸ்.எஸ்.டி. டிரைவ் பொருத்திக் கொடுத்தான். விரல் நீளம்கூட நிறையாத தகடு, அதற்குள் முழுக் கடலும் அடங்கும். சூட்டை வாங்கிக்கொள்ள மேலே ஒரு அலுமினிய மூடி, இரண்டுக்கும் நடுவே மெத்தென்று ஒரு ஒட்டுப் பட்டை. டாக்டருக்கு அந்த மூடியில் துளி நம்பிக்கை கிடையாது. உள்ளே சுற்றுவதும் இல்லை, தேய்வதும் இல்லை, பிறகு சூடு எங்கிருந்து வரும், எல்லாம் விற்கிறவன் தந்திரம் என்பான். பெட்டியில் வந்து தொலைத்ததே என்று, போனைத் தோளில் இடுக்கிப் பேசிக்கொண்டே மாட்டினான்.

முதல் நாளிலிருந்தே மெஷின் மக்கர். பெரிய படங்களை ஏற்றினால் முதல் ஐந்து நிமிடம் குதிரை, பிறகு எருமை. பெட்டி சுடுகிறது என்று அண்ணி ஒருமுறை சொன்னாள், மறுமுறையும் சொன்னாள். டாக்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் அவளே பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி, வீட்டிலிருந்த சின்ன மேஜை ஃபேனைக் கொண்டுவந்து நேரே திருப்பி வைத்தாள். கொஞ்சம் தேவலை என்று வேலை நகர்ந்தது.

அந்த ஃபேன் டாக்டர் கண்ணில் பட்டபோது கூடம் நிறைய ஆட்கள். முதலாளியம்மாவும் நின்றிருந்தார்.

"என்ன அண்ணி, கம்ப்யூட்டருக்கு வேர்க்குதா? ஒரு துண்டும் குடுத்துருங்க, தொடச்சிக்கட்டும்."

ஆறு மேஜையும் சிரித்தது. சிரிப்புக் கிடைத்துவிட்டால் நாக்கு நிற்குமா? திரையில் நாற்பது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மெஷினைக் குறை சொல்லக்கூடாது என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று வேறு சொல்லிவைத்தான். ஃபேனைப் பிடுங்கி அலமாரிமேல் ஏற்றினான். அன்றிலிருந்து அண்ணிக்கு 'நாற்பது ஜன்னல்' என்று பேர்.

வேலை தேங்கியது. பத்தாம் நாள் முதலாளியம்மா படத்தைக் 'கண்ணாடி' என்று எல்லோரும் கூப்பிடும் ஐந்தாவது மேஜைக்காரரிடம் கொடுத்து, மூன்றாவது மேஜையில் அவரை உட்கார வைத்தார். அண்ணி மூலைக்குப் போய்ப் பழையபடி எழுத்துப் போட ஆரம்பித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை கண்ணாடி டாக்டரிடம் வந்து அதே குதிரை, எருமைக் கதையைச் சொன்னார். அவர் ஒரு ஜன்னலை மூடாமல் இன்னொன்றைத் திறக்காத மனிதர். டாக்டருக்குத் திக்கென்றது. டிரைவின் சூட்டைக் காட்டும் எண்ணை அன்றுதான் முதன்முதலாகத் திரையில் வைத்துப் பார்த்தான். மளமளவென்று ஏறியது, ஓர் எல்லையைத் தொட்டதும் வேகம் தொப்பென்று விழுந்தது. வெந்துபோகாமல் இருக்க டிரைவ் தானாகவே நடையைக் குறைத்திருக்கிறது. கடிதம் அடிக்கிறவர்களுக்கு இந்த வம்பே வராது. மணிக்கணக்காகப் படத்தைக் கொட்டுகிறவளுக்கு வரும். காய்ச்சல் பார்க்காமலே நோயாளியைத் திட்டிய டாக்டர் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

சாப்பாட்டுக்கு எல்லோரும் போனதும் மூடியைக் கழற்றினான். ஒட்டுப் பட்டையின்மேல் நீலத் தாள் அப்படியே இருந்தது. மாட்டுவதற்கு முன் உரித்துப் போடவேண்டிய மெல்லிய பிளாஸ்டிக். பட்டை டிரைவைச் சரியாகத் தொடவே இல்லை.

உரித்தான். குப்பைக்கூடையில் போட்டால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று சட்டைப் பையில் திணித்துக்கொண்டான்.

பிற்பகல் மெஷின் பறந்தது. கண்ணாடி கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர் கை பட்டாலே போதும் என்று முதலாளியம்மா சொன்னார். அவன் சொல்லியிருக்கலாம். சிரித்தான். மூலையிலிருந்து அண்ணியும் திரும்பிப் பார்த்து, நல்லபடியாகத்தான் சிரித்தாள். செவ்வாயும் புதனும் சட்டை மாறியது, தாள் மட்டும் பைக்குப் பை மாறி அவனோடே இருந்தது.

வியாழக்கிழமை காலை அவன் படியிறங்கி வரும்போது அண்ணி ஒரு நோட்டோடு நின்றிருந்தாள்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் எனக்குச் சொல்லித் தர்றீங்களா? நீங்க புதுசா எதையும் மாத்தல, கண்ணாடி சார் உக்காந்ததும் அதே மெஷின் ஒழுங்கா ஓடுது. அப்ப எங்கிட்டதானே ஏதோ கோளாறு. உங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லாதீங்க, வருத்தப்படுவார்."

நோட்டைத் திறந்து காட்டினாள். மூன்றாவது மேஜையில் இருந்தபோது எத்தனை மணிக்கு எத்தனை ஜன்னல் திறந்தாள் என்று நாள்வாரியாக எழுதியிருந்தாள். ஒரு நாளும் ஏழைத் தாண்டவில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

வேலைக்கு வந்ததும் நேரே கூடத்தின் நடுவில் நின்று, பையிலிருந்த தாளை மூன்றாவது மேஜைமேல் வைத்தான். இதை உரிக்காமல் மாட்டியது நான்தான், அண்ணி சூடு என்று சொன்னது முழுக்க உண்மை, ஃபேன் வைத்ததும் சரிதான் என்றான். குரல் எழும்பாததால் இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியதாயிற்று. அன்று சிரித்தவர்கள் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளியம்மா தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எப்பக் கெடச்சது?"

"திங்கக்கிழமை."

"இன்னைக்கு வியாழக்கிழமை."

படம் அண்ணிக்கே திரும்ப வந்தது. கண்ணாடி எழுந்து நாற்காலியைத் துடைத்துவிட்டே கொடுத்தார்.

டாக்டர் அவளருகில் போய் மன்னிப்புக் கேட்டான். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மறந்தது ஒண்ணும் பெரிசில்ல தம்பி. எல்லாரும் சிரிச்சதும் போகட்டும். எனக்கு வேல தெரியலன்னு நானே நம்பிட்டேனே. அதுக்கு என்ன பண்றது?"

படம் முடிந்து அவள் பேரும் திரையில் வந்தது. குடும்பமாகப் போய்ப் பார்த்தார்கள். அண்ணன் கை தட்டினான். டாக்டர் அந்தப் பேர் வந்தபோது குனிந்து தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உங்களில் யாராவது இப்படி நாலு பேருக்கு முன்னால் ஒருவரைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்துவிட்டு, தப்பு உங்களுடையது என்று பிறகு தெரிந்துகொண்டதுண்டா? உடனே சொன்னீர்களா, இவனைப் போல இழுத்தடித்தீர்களா? அந்தப் பக்கம் நின்றவர்களும் சொல்லுங்கள். மறைக்காமல் எழுதி அனுப்புங்கள், ஒன்று விடாமல் படிக்கிறேன்.