காருக்கு ஒரு குடம்

அந்தக் காரைக் கண்டாலே சாலிஹாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். நயா பைசா வந்த வருஷம். பழவேற்காட்டில் எறால் வியாபாரம் செய்யும் அவள் புருஷன் அப்துல் ரவூப், இளைய மகளின் நிக்காஹ் முடிந்த கையோடு, பட்டணத்துத் தரகன் ஒருவனின் தேன் பேச்சில் மயங்கி, யுத்தத்துக்கு முன்னால் கப்பலில் வந்த ஒரு கறுப்புக் காரை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினார். நிறுத்தினார் என்றால் நிறுத்தினார்தான். மறுநாள் காலை அது கிளம்பவில்லை.

அன்றைக்குப் பிடித்தது சனியன். பேட்டரி செத்தது, சாலிஹாவின் பித்தளை அண்டா போனது. கிளட்ச் தேய்ந்தது, வெள்ளிக் கொலுசு போனது. பிரேக் பிடிக்காமல் கருவாட்டுக் கூடைக்காரி ஒருத்தியின் மேல் ஏறப் பார்த்தது, அந்தப் பெருநாளுக்கு வீட்டில் யாருக்கும் புதுத்துணி இல்லை. டயரைப் பார்த்தால் ரப்பரைவிட ஒட்டுத்தான் அதிகம். காலையில் தெருவே கூடித் தள்ளினால்தான் இருமிக்கொண்டு கிளம்பும். உள்ளே ரவூப் மட்டும் நவாப் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். தண்ணீரைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அவர்கள் தெருவில் எங்கே கிணறு தோண்டினாலும் உப்புத்தான். குடிக்கிற தண்ணீரை, மணல்மேட்டுக்கு அப்பால் இருக்கிற ஊற்றில் காத்துக் கிடந்து, தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாக வேலைக்காரி சின்னப்பொண்ணு கொண்டுவந்து வைப்பாள். அவளுக்குப் பாதிக் காலை அதிலேயே போய்விடும். பொன்னேரி மெக்கானிக் தானியேல் ஒருநாள், "ரேடியேட்டருக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும் பாய். உப்புத் தண்ணி பட்டா துன்னுடும்" என்று சொல்லிவிட்டுப் போனான். ரவூப் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வருகிற இரண்டு குடத்தில் ஒரு குடம் காருக்கு.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த இளைய மகள் நசீம் பானுவுக்கோ கால் இரண்டும் தலையணை மாதிரி வீங்கிக் கிடந்தது. பொன்னேரி டாக்டரம்மா விரலால் அழுத்திப் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தாள். உப்புத் தண்ணீரில் சோறு வடித்துக்கொண்டு எந்த உப்பைக் குறைப்பது? மூத்தவள் சைதாவுக்கும் இப்படித்தான் வீங்கியது. மாட்டுவண்டியில் பொன்னேரிக்குக் கொண்டுபோகும்போது பாதி வழியிலேயே அவள் மூச்சு நின்றது. அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் அந்தப் பேரை எடுப்பதில்லை.

"புள்ளத்தாச்சி உப்புத் தண்ணியில கஞ்சி குடிக்கிறா, தகரத்துக்கு நல்ல தண்ணி கேக்குதா?" என்றாள் சாலிஹா.

"எஞ்சின் சமாசாரம் உனுக்கு இன்னா தெரியும்? உள்ள போ" என்றார் ரவூப்.

உள்ளே போனாள். காருக்கென்று வைத்திருந்த நல்ல தண்ணீரை மகளுக்கு உலை வைத்தாள். கிணற்றுத் தண்ணீரை இறைத்துக் காரின் குடத்தை நிரப்பினாள். அன்றைக்கு மட்டுமல்ல, தினமும். நசீமின் கால் வீக்கம் கொஞ்சம் வற்றியது. சாலிஹாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

நசீமுக்கு மாதம் நெருங்கும்போது கார் புகைய ஆரம்பித்தது. தானியேல் சைக்கிளில் வந்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, விரலை விட்டு நாக்கில் வைத்துத் துப்பினான். "உப்பு பாய். உள்ள அடைச்சிகினு, அடியில ஓட்டையும் விழுந்துகீது. வேற ரேடியேட்டர்தான் போடணும். கார் வாங்கின காசுல பாதி ஆவும்."

ரவூப் குதித்தார். "இன்னாடா கதை வுடுற? என் கையால நல்ல தண்ணி ஊத்திகினு வரேன். போன தடவ கழட்டினப்பவே நல்லதை உருவிகினு ஓட்டையை மாட்டிட்டியா? திருட்டுப் பயலே!"

தானியேலின் முகம் செத்துப்போனது. "நான் அப்படிப்பட்டவன் இல்ல பாய்" என்று ஸ்பேனர்களைப் பையில் அள்ளிப் போட்டான்.

கதவுத் திரை விலகியது. வேற்று ஆண் முன்னால் ஒருநாளும் நின்றிராத சாலிஹா, துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அந்த மனுசனை ஏன் வையறீங்க? நான்தான் உப்புத் தண்ணி வச்சேன். என் பொண்ணு குடிக்க வேண்டிய தண்ணிய இந்தப் பிசாசுக்கு ஊத்தச் சொல்றீங்களே, மனசாட்சி இருக்குதா உங்களுக்கு?"

ரவூப் அடிக்கப்போகிறார் என்றுதான் தானியேல் நினைத்தான். அவர் கார் படியிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"எறாலுக்கா நான் காரு வாங்கினேன்?" என்றார். "சைதாவை ஏத்திகினு போனப்ப அந்த மாடு நடந்த நடை இன்னும் என் கண்ணுல நிக்குது. இவளுக்கும் அப்படி ஆவக் கூடாதுன்னுதான்டி இந்தச் சனியனைக் கட்டிகினு அழுவுறேன்."

சாலிஹாவுக்குக் கோபம் இறங்கவில்லை, இரண்டு மடங்காக ஏறியது. "அதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாயில இருக்கிற முத்தா உதிர்ந்துடும்?" என்று கத்தினாள்.

வேறு ரேடியேட்டர் பட்டணத்திலிருந்து வருவதற்குள் நசீமுக்கு வலி கண்டுவிட்டது. ஆள் போய்ச் சொன்னதும் தானியேல் பட்ட அவமானத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஓடிவந்தான். பார் சோப்பைப் பிசைந்து ஓட்டையை அடைத்தான். "இனிமே உப்பா இருந்தா இன்னா? வழியெல்லாம் ஊத்திகினே போவணும்" என்றான். கிணற்றுத் தண்ணீர் இரண்டு குடம் ஏறியது. நசீமுக்கென்று நல்ல தண்ணீர் ஒரு கூஜா.

சித்திரை வெயில். குட்டையெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. கொஞ்சதூரம் போவதும், ஆவி கக்குவதும், தானியேல் சாக்கால் மூடியைத் திறந்து ஊற்றுவதுமாக இரண்டு குடமும் தீர்ந்தன. பொன்னேரி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கார் மறுபடியும் கொதித்து நின்றது. நசீம், "உம்மா! உம்மா!" என்று அலறினாள். ரவூப் கூஜாவைப் பார்த்தார்.

சாலிஹாவே மகளுக்கு இரண்டு மிடறு புகட்டிவிட்டு இறங்கினாள். மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் காருக்கு ஊற்றினாள். "குடிச்சித் தொலை, பாழாப்போனதே!" என்றாள். கார் குடித்தது. டாக்டரம்மா வீட்டு வாசல்வரை ஓடிப்போய்த்தான் நின்றது.

பெண் குழந்தை. தாய்க்கும் குறைவில்லை. நசீம் கண் திறந்து முதலில் தண்ணீர்தான் கேட்டாள். சாலிஹா வெறுங்குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

எதிரே ஏதோ ஒரு ஆபீசரின் பங்களா. அங்கே சேவகன் ஒருவன் ரப்பர் குழாயைப் பிடித்து ஜீப்பைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். சக்கரத்தில் வழிந்து, சாக்கடையில் போய் விழுந்துகொண்டிருந்தது தண்ணீர். குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். நல்ல தண்ணீர். கற்கண்டாக இனித்தது.

"அடப் பாவிங்களா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். குழாயை அவன் கையிலிருந்து பிடுங்கிக் குடத்தில் விட்டாள். "சக்கரம் கழுவவா இது? ஒரு குடத்துக்காவ நாங்க புருசனும் பொண்டாட்டியும் அடிச்சிகினு சாவறோம். எங்க ஊருக்கு ஒரு குழா போட உங்களுக்குத் துப்பு இருக்குதா? எம்மூத்த பொண்ணு..."

அவளுக்குச் சொல்ல இன்னும் எவ்வளவோ இருந்தது. அதற்குள் குடம் நிரம்பி வழிந்துவிட்டது.