எட்டு மணி நேரப் பலகாரம்

சீனப் புத்தாண்டுப் பலகாரம் அவிக்கிற நாளில் எங்கள் அடுப்படியில் பேச்சுக்கும் கட்டுப்பாடு உண்டு. சாவு, நோவு, அழுகை எதுவும் உள்ளே வரக்கூடாது. வந்தால் மாவு இறுகாதாம், வருடமும் உருப்படாதாம். போன வருடம் எங்கள் பலகாரம் நடுவில் கொழகொழவென்று நின்றுவிட்டது. மூன்றாம் மாதம் கொழுந்தன் போன மீன்படகு திரும்பவில்லை. அதற்கப்புறம் என் மாமியாரிடம் எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்?

இந்த வருடம் ஒட்டரிசியை அரைத்து, கல் ஏற்றி நீர் பிழிந்து, கருப்புச் சர்க்கரைப் பாகு விட்டுப் பிசைந்தது எல்லாம் நான்தான். துணி விரித்த மூங்கில் கூடையில் மாவை ஊற்றிக் காலை எட்டு மணிக்கு அடுப்பில் ஏற்றினேன். எட்டு மணி நேரம் வேகவேண்டும். தண்ணீர் குறையக் குறையக் கொதிநீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கையில் வேலை, மனசு ஆற்றுக்கு அக்கரையில். அம்மாவுக்கு மூச்சிரைப்பு முற்றியிருந்தது. மோசமானால் போன் பண்ணுகிறேன் என்று அண்ணன் சொல்லியிருந்தான். பஸ்ஸும் படகுமாக இரண்டு மணி நேரம்தான். கூப்பிட்டதும் ஓடிவிடுவேன்.

ஒன்பது மணிக்குக் கூடத்தில் போன் அடித்தது. மாமியார் எடுத்தார்.

"யாரு அத்தை?"

"தையக்காரன். சட்டை ரெடியாம். நீ தீயைப் பாரு, சியூ எங்."

பத்து மணிக்கு என் கணவர் தெக் பூ வந்தார். மாமியார் அவரை முற்றத்துக்கு அழைத்துப் போய் ஏதோ பேசினார். திரும்பி வந்தவர் என் பக்கத்தில் குந்தி, விறகைத் தள்ள ஆரம்பித்தார். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அந்த மனுஷர் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

"என்னங்க, மழை கிழை வரப்போகுதா?" என்று சீண்டினேன்.

"தனியா கஷ்டப்படுறியேன்னுதான்" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

நான்கு மணிக்கு மாமியார் நடுவில் குச்சியைக் குத்தி இழுத்தார். மாவு ஒட்டவில்லை. பளபளவென்று, தேன் நிறத்தில் இறுகியிருந்தது. கூடையை இறக்கி, மேலே சிவப்புப் பேரீச்சம்பழம் வைத்து, கையைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க அண்ணன் காலைல கூப்பிட்டான். அம்மாவுக்கு இழுத்துக்கிட்டு இருக்காம். கெளம்பு."

"காலைலயா?"

"சொன்னா நீ அழுவ. அடுப்புல கூடை இருக்கிறப்ப அழலாமா? இன்னொரு பிள்ளைய நான் கடலுக்குக் குடுக்க முடியாதும்மா."

திட்டக்கூட எனக்கு நேரமில்லை. ஓடினேன்.

அம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள். "ரெண்டு மணி வரைக்கும் கதவையே பார்த்துக்கிட்டு கெடந்தா" என்றான் அண்ணன் கிம் சாய். "கெளம்பிட்டா, வந்துக்கிட்டு இருக்கான்னு போன்ல உன் மாமியார் சொன்னாங்க. அதையே நானும் சொல்லிச் சொல்லி வச்சேன். ஒம்பது மணிக்குக் கெளம்பினவளுக்கு இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

கிளம்பிவிட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார்! நாளைக்கும் அதே வீட்டில்தானே வாழ வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அண்ணன் அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் தெக் பூ வந்தார். துக்க வீட்டில் பலகாரம் அவிக்கக்கூடாது, சொந்தக்காரர்கள்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். மாமியார் பாதியை வெட்டிக் கொடுத்தனுப்பியிருந்தார். முறை தவறாத மனுஷி!

அண்ணி அதைத் துண்டு போட்டு எண்ணெயில் வாட்டி எல்லாருக்கும் வைத்தாள்.

"பலகாரம் நல்லா வந்திருக்கு மாப்பிள்ளை" என்றான் அண்ணன். "ஆத்தாளைப் பார்க்க வர்றதுக்குத்தான் உங்க வீட்டம்மாவுக்கு வழி தெரியல."

நான் தெக் பூவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை. அவர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்றிருந்தது.

அவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னிக்குப் படகு கெடைக்கல மச்சான்."

என் கிண்ணத்தை அவர் முன்னால் நகர்த்தி வைத்தேன்.

"படகெல்லாம் இருந்துச்சுண்ணே" என்றேன். "இது வேகுற வரைக்கும் இவங்க என்கிட்ட சொல்லல."